விரல் சொல்லும் இறுக்கம்

இன்றைய கார்களில் முன்சக்கர பேரிங் தேய்ந்துவிட்டால், பட்டறையில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டுவார்கள். பெரும்பாலும் அது முழுமையாக மூடப்பட்ட பாகம். இறுக்கவோ தளர்த்தவோ அதில் இடமில்லை. என் மாமாவிடம் இருக்கும் 1985-ஆம் ஆண்டு டொயோட்டா ஏஇ86 வேறு ரகம். 'இனிஷியல் டி' பார்த்தவர்களுக்கு அறிமுகமே வேண்டாம். தவ்ஃபு விநியோகிக்கும் பையன் மலைப்பாதையில் ஓட்டுவது இந்தக் காரைத்தான். இதன் முன்சக்கர பேரிங்கை நாமே கழற்றலாம், கழுவலாம், கிரீஸ் வைத்து மீண்டும் பொருத்தி, இறுக்கத்தைச் சரிசெய்யலாம்.

மாமா முப்பது ஆண்டுகள் லாரி மெக்கானிக்காக இருந்தவர். ரவாங்கில் உள்ள வீட்டுக்கு முன்னால் அந்தக் காரை எத்தனையோ முறை அவரே பிரித்துப் பூட்டியிருக்கிறார். இப்போது நீரிழிவு அவருடைய விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்துவிட்டது. ஸ்பானர் பிடிக்க முடிகிறது. சட்டைப் பொத்தானை மாட்டத்தான் சிரமம். இந்த வேலைக்குத் தேவைப்படுவதோ அந்த விரல் நுனிதான். அதனால் போன பள்ளி விடுமுறையில், பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கும் என்னைக் கூப்பிட்டார்.

"நான் சொல்றேன், நீ தொட்டுப் பார்த்துச் சொல்லுமா" என்றார்.

முதலில் நோய் எதுவென்று தெரிய வேண்டும். சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, கடிகாரத்தின் 12 மணி, 6 மணி இடங்களில் இரு கைகளையும் வைத்து முன்னும் பின்னும் ஆட்டினேன். 'டக் டக்' என்று ஒரு சிறு ஆட்டம். மாமா உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். ஆட்டம் நின்றுவிட்டது. மிதித்த பிறகும் ஆடினால் பால் ஜாயிண்டைச் சந்தேகிக்க வேண்டும், நின்றுவிட்டால் பேரிங்தான். அவருக்குக் காது கேட்டது, எனக்குக் கை கேட்டது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஜேக்கை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரின் எடையை ஸ்டாண்டில் இறக்கிய பிறகுதான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

உள்ளே இருப்பது கூம்பு வடிவ உருளை பேரிங். 1898-இல் அமெரிக்காவின் ஹென்றி டிம்கன் காப்புரிமை பெற்ற வடிவம் இது. ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு இருக்கும்: உட்புறம் பெரியது, வெளிப்புறம் சிறியது, இரண்டும் எதிரெதிர்த் திசையில் சாய்ந்தபடி. கார் வளைவில் திரும்பும்போது சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசையையும் இந்தச் சாய்வு தாங்கிக்கொள்கிறது. சாய்வாக இருப்பதாலேயே, வெளியிலிருக்கும் ஒரே நட்டை இறுக்கினால் இரண்டிலும் இடைவெளி குறைகிறது. எல்லாம் அந்த நட்டில்தான் இருக்கிறது.

அதிகம் தளர்ந்தால் சக்கரம் ஆடும். அதோடு பிரேக் டிஸ்க்கும் ஆடி, பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் ஆழமாக இறங்கும். இறக்கத்தில் வரும்போது அது நடந்தால் என்னவென்று யோசித்துக்கொள்ளுங்கள். அதிகம் இறுகினால் வேறு ஆபத்து. ஓட ஓடச் சூடு ஏறும், கிரீஸ் உருகி வழியும், உருளைகள் நீலம் பாய்ந்து ஒருநாள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இரண்டில் இறுக்கமே மோசம் என்பார் மாமா. லாரிகளில் பார்த்தவர், நம்பலாம்.

பிரேக் கேலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். பிரேக் குழாயில் அதன் எடை விழக் கூடாது. பேடு உரசினால் சக்கரம் எவ்வளவு இலேசாகச் சுழல்கிறது என்று தெரியாது, அதற்காகத்தான் கழற்றுவது. பேரிங்குகளைக் கழுவி, உருளைகளில் குழியோ நிறமாற்றமோ இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தேன். இல்லை. புதிய கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை ஏற்றினேன். அழுக்கான வேலை, ஆனால் பிடித்திருந்தது.

பிறகு இறுக்கம். முதலில் 29 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கி, இரு திசையிலும் பலமுறை சுழற்ற வேண்டும். உருளைகள் தங்கள் இடத்தில் சரியாக உட்காருவதற்காக மட்டுமே அந்த முடுக்கம். அப்படியே விட்டுவிடக் கூடாது. அடுத்து, கையால் திருகும் அளவுக்கு நட்டைத் தளர்த்திவிட்டு, மெல்ல மெல்ல இறுக்கிக்கொண்டே வர வேண்டும். சக்கர போல்ட்டில் சுருள்வில் தராசை மாட்டி இழுத்து, சுழல ஆரம்பிக்க எவ்வளவு விசை தேவை என்று அளப்பதே கையேட்டின் முறை. இந்த அளவுகள் காருக்குக் கார் மாறும். உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள்.

தராசு இருந்தும் மாமா அதை எடுக்கவிடவில்லை. "மொத விரல், அப்புறம் தராசு."

நட்டை நூலளவு இறுக்குவேன். டிஸ்க்கைப் பிடித்து ஆட்டுவேன்.

"ஆடுதா?"

"கொஞ்சம், மாமா."

"இன்னும் ஒரு நூல். இப்போ சுத்து. கரகரன்னு இருக்கா, வழவழன்னு இருக்கா?"

கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்தான் தெரிகிறது. ஆட்டம் மறைந்த இடம் வந்தது. டிஸ்க் அப்போதும் தடையில்லாமல் சுழன்றது. சொன்னேன். அவரும் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் தராசை நீட்டினார். கையேடு சொன்ன எல்லைக்குள் இருந்தது.

நட்டின் மேல் பள்ளம் வெட்டிய மூடியை வைத்து, துளைக்கு நேராக வரும்வரை திருப்பிப் பொருத்திப் பார்த்து, புதிய காட்டர் பின்னைச் செருகி வளைத்தோம். ஒருமுறை வளைத்த பின் ஐம்பது காசு பெறாது. அதை மறுபடி போடுவது பிச்சைக்காரத்தனம் என்பது மாமாவின் கட்சி. வலப்பக்கச் சக்கரம் பாதி நேரத்தில் முடிந்தது.

மறுநாள் காலை கோலகுபு பாரு வரை ஓட்டிப் போனோம். நான்தான் ஓட்டினேன். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் நிறுத்தியதும், டிஸ்க்கின் பக்கம் கை போகாமல், இரண்டு சக்கரங்களின் நடுப்பகுதியையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அந்தப் பக்கம் இறுகியிருக்கிறது என்று பொருள்.

"எப்படிமா?"

"ரெண்டும் ஒரே மாதிரி, மாமா. இளஞ்சூடுதான்."

தலையை ஆட்டிவிட்டு, இரண்டு தே தாரேக் சொல்ல உள்ளே போனார்.