குத்தகைக்கு விடப்பட்ட துடைப்பம்

நிலத்தைக் குத்தகைக்கு விடுவார்கள்; ஏரி மீனையும் புளியந்தோப்பையும் குத்தகைக்கு விடுவார்கள்; ஆனால் ஒரு மகாநகரத்தின் வீதிகளைப் பொழுது புலருமுன் பெருக்கிச் சுத்தம் செய்கிற பல்லாயிரம் ஸ்திரீகளின் உழைப்பையே குத்தகைக்கு விட்டுவிட்டு, அவர்களுக்கும் தனக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் சாதித்துவந்தது பெங்களூர் மாநகராட்சி. கன்னடத்தில் இதற்குக் 'குத்திகெ' என்று பெயர். தமிழுக்கும் அதற்கும் உச்சரிப்பில்தான் சிறிது வேற்றுமை. அனுபவித்தவர்களுக்கு ஒரு வேற்றுமையும் இல்லை.

நியாயமற்ற முறையில் வேலை வாங்கும் முதலாளிகளை ஸ்தல ஸ்தாபனங்கள் எதிர்த்து நிற்பது உலகத்துக்குப் புதிய செய்தியன்று. 1889ஆம் ஆண்டிலேயே லண்டன் மாவட்ட சபை, நியாயமான கூலி கொடுக்காத ஒப்பந்தக்காரருக்குத் தன் வேலைகளைத் தருவதில்லை என்று விதி வகுத்தது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரம் 1994இல், நகர நிர்வாகத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்பவர்கள் தங்கள் ஆட்களுக்கு வாழ்வதற்குப் போதுமான ஊதியம் தந்தாக வேண்டும் என்று சட்டமியற்றியது. ஆட்களை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, அவர்களையே குறைந்த சம்பளத்துக்கு மறுபடியும் சேர்த்துக்கொள்ளும் தந்திரத்தைக் கண்டித்து அண்மைக் காலத்தில் பிரிட்டனின் நகர சபைகள் பல தீர்மானம் போட்டன. இவையெல்லாம் பிறர் வீட்டு அநீதியைத் தட்டிக்கேட்ட கதைகள். நம் தேசத்திலோ அந்த அநீதியின் முதல் விலாசம் பல சமயங்களில் நகராட்சிக் கட்டடமாகவே இருந்துவிடுகிறது.

சட்டம் இதை அறியாமலில்லை. நிரந்தரச் சிப்பந்திகளுக்குரிய அந்தஸ்தையும் சலுகைகளையும் மறுக்கும் நோக்கத்தோடு ஒருவரை ஆண்டுக்கணக்காகத் தற்காலிக ஆளாகவே வைத்திருப்பது நியாயமற்ற தொழில் நடவடிக்கை என்று, 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தொழில் தகராறுச் சட்டத்தில் சேர்த்த ஐந்தாம் அட்டவணை வெளிப்படையாகவே சொல்லியது. நகர சுகாதாரம் ஒரு தொழிலா என்ற கேள்விக்கும் விடை சொல்லியாகிவிட்டது. அதற்குக் காரணமாக இருந்ததும் பெங்களூரே என்பதுதான் வேடிக்கை. தான் நடத்துவது தொழிலே அன்று, ஆகையால் தொழிலாளர் சட்டம் தன்னை அணுகாது என்று வாதாடியது பெங்களூர்க் குடிநீர் வடிகால் வாரியம்; அவ்வாதத்தை உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு 1978இல் நிராகரித்தது. அந்த வழக்கை எடுத்துக்காட்டாத தொழிலாளர் வழக்கறிஞர் இன்றளவும் அரிது.

இனி குத்தகை நடந்த விதத்தைப் பார்ப்போம். துப்புரவுப் பணியாளரைக் கர்நாடகத்தில் 'பௌரகார்மிகர்' என்கிறார்கள். நகரத்தின் உழைப்பாளி என்று பொருள்படும் கௌரவமான சொல். இவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். வீட்டில் தெலுங்கோ தமிழோ கன்னடமோ பேசுபவர்கள். மாநகராட்சி பணத்தை ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கும். ஒப்பந்தக்காரர் மேஸ்திரியிடம் சொல்வார். மேஸ்திரி வருகையைக் குறிப்பார். இந்த மூன்று கைகளையும் கடந்து ஒழுகி வந்ததுதான் பெருக்கிய கைக்குச் சேரும். வருங்கால வைப்பு நிதிக்கென்றும் ஈ.எஸ்.ஐ.க்கென்றும் பிடித்த தொகை உரிய இடத்துக்குப் போகவில்லை என்பது அவர்களுடைய சங்கத்தின் நெடுநாள் புகார். கேட்டால் மாநகராட்சி ஒப்பந்தக்காரரைக் காட்டும். ஒப்பந்தக்காரரோ, மாநகராட்சியிலிருந்து 'பில்' பாஸாகவில்லை என்பார். ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளியே தந்தாக வேண்டும் என்று 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்ததைப் பற்றி மட்டும் எவரும் பிரஸ்தாபிப்பதில்லை. விரல் ரேகை வைத்து வருகை பதியும் இயந்திரம் வந்தபோது இன்னொரு ரகசியமும் வெளிப்பட்டது: காகிதத்தில் சம்பளம் வாங்கிய பெயர்களில் பல ஆயிரத்துக்கு வீதியில் ஆளே இல்லை. இல்லாத ஆளுக்குச் சம்பளம் போய்க்கொண்டிருந்தது, இருந்த ஆளுக்கு வந்து சேரவில்லை.

இத்தனைக்கும் இந்த நகரம் இவ்விஷயத்தில் வழிகாட்டத் தெரிந்த நகரந்தான். 1970களில் தேவராஜ் அர்ஸ் மந்திரிசபையில் இருந்த பி. பசவலிங்கப்பா, மலத்தைத் தலையில் சுமக்கும் கொடுமைக்குக் கர்நாடகத்தில் தடை விதித்தார். அதே காலத்தில் அமைந்த ஐ.பி.டி. சாலப்பா குழு, ஐந்நூறு பிரஜைகளுக்கு ஒரு துப்புரவுப் பணியாளர் வேண்டும் என்று கணக்கிட்டுச் சொன்னது. நகரம் பெருத்ததே தவிர, நிரந்தரப் பதவிகள் அந்தக் கணக்குக்கு ஏற்பப் பெருகவில்லை. அந்த இடைவெளியில்தான் குத்தகை நுழைந்தது. 2007இல் ஏழு நகரசபைகளையும் ஒரு பேரூர்சபையையும் 110 கிராமங்களையும் விழுங்கிப் 'பிருஹத்' மாநகராட்சி உருவானபோது, பெருக்கவேண்டிய வீதிகளும் அதற்கேற்ப நீண்டன.

மாற்றம் மேலிருந்து அருளாக இறங்கி வரவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏ.ஐ.சி.சி.டி.யு. என்னும் அகில இந்தியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பைச் சார்ந்த குத்தகைப் பௌரகார்மிகர் சங்கம் வருஷக்கணக்காகத் தெருவிலும் நீதிமன்றத்திலும் நின்றது. 2016இல் குறைந்தபட்சக் கூலி ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. மறு ஆண்டு, ஒப்பந்தக்காரரை விலக்கிவிட்டு மாநகராட்சியே நேரடியாகச் சம்பளம் தருவதென்று சித்தராமய்யா அரசு முடிவு செய்தது. ஆனால் தரகர் போன மாத்திரத்தில் துயரம் போய்விடவில்லை. ஏட்டில் பெயர் ஒத்துவரவில்லை, ரேகை ஒத்துவரவில்லை என்று பலருக்குச் சம்பளம் மாதக்கணக்கில் நின்றது. 2018 ஜூலையில், அவ்வாறு சம்பளம் வராத ஒரு தொழிலாளி உயிரை மாய்த்துக்கொண்டார். நேரடிச் சம்பளம் என்பது பாதி வழிதான் என்று சங்கம் அப்போதே சொன்னது.

மீதி வழியை மறித்து நின்றது, கர்நாடக மண்ணிலிருந்தே கிளம்பிய மற்றொரு வழக்கு. கர்நாடக அரசுக்கும் உமாதேவி என்பவருக்கும் நடந்த அவ்வழக்கில், முறையான தேர்வின்றிச் சேர்ந்த தற்காலிக ஊழியர் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. கொல்லைப்புற நியமனங்களைத் தடுக்க எழுந்த அத்தீர்ப்பை அரசுகள் ஏழைச் சிப்பந்திகளுக்கு எதிரான கேடயமாகப் பிடித்துக்கொண்டன. அதை அவ்விதம் ஆயுதமாக்கலாகாது என்று, மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவு செய்துவந்த பெண்கள் சம்பந்தப்பட்ட வழக்கில், 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே எச்சரிக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையே, 2022 ஜூலையில் நான்கு நாள் துடைப்பங்கள் கீழே கிடந்தன; நகரம் நாறிற்று; செப்டம்பரில் பசவராஜ் பொம்மையின் அமைச்சரவை 11,133 பேரை நிரந்தரமாக்க ஒப்புக்கொண்டது. 2025 மே 1ஆம் தேதி, மாநகராட்சியின் 12,692 பேருக்கு முதலமைச்சர் சித்தராமய்யா நியமனக் கடிதம் வழங்கினார்.

இதில் ஒரு விசித்திரத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. பெங்களூர் மாநகர சபையின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் 2025 மே மாதம் வரை தேர்தலே நடக்கவில்லை. ஆக, ஸ்தல ஸ்தாபனம் தன் சொந்தக் குற்றத்தைக் களைந்த அந்நாளில், அந்த ஸ்தாபனத்தில் ஜனங்கள் தேர்ந்தெடுத்த அங்கத்தினர் ஒருவர்கூட இல்லை.

தமிழ் வாசகருக்கு அதே ஆண்டின் இன்னொரு மாதம் நினைவுக்கு வரும். மே மாதத்தில் பெங்களூர் நியமனக் கடிதம் கொடுத்தது. ஆகஸ்ட் மாதத்தில் சென்னை மாநகராட்சி ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவைத் தனியாரிடம் ஒப்படைத்தது. வருஷக்கணக்காக வேலை செய்தவர்கள் ரிப்பன் மாளிகையின் வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். பின்பு ஓரிரவில் போலீசார் அவர்களை அகற்றினர். முந்நூற்றைம்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு நகரங்கள் எதிரெதிர்த் திசையில் நடந்ததற்குப் பொருளாதாரக் காரணம் மட்டும் போதுமென்று எனக்குத் தோன்றவில்லை.

பெங்களூரிலும் கணக்கு முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. காலையில் பாட்டுப் பாடிக்கொண்டு தெருமுனையில் வந்து நிற்கும் ஆட்டோ டிப்பரின் ஓட்டுநரையும், அதில் குப்பையை ஏற்றுகிற உதவியாளரையும் மே மாத நியமனக் கடிதம் எட்டவில்லை. அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்களாகவே இருந்தார்கள். அக்கா பெருக்கிக் குவிப்பாள். தம்பி வாரி ஏற்றுவான். அக்காவின் சம்பளம் மாநகராட்சியிலிருந்து வரும். தம்பி இன்னும் ஒப்பந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டிருப்பான்.