அறை யாருடையது? விண்வெளி ஓடத்தில் ஏறிய ஆய்வுக்கூடங்கள் குறித்து

விஞ்ஞானம் பற்றி நமது வட்டத்தில் பேச்சு எழுந்தால் அணுகுண்டு, அணைக்கட்டு என்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆய்வுக்கூடம் என்ற அறையைப் பற்றி நாம் அதிகம் கேட்பதில்லை. அது ஏதோ யாருக்கும் சொந்தமில்லாத, நடுநிலையான வெளி என்றொரு நம்பிக்கை. சரி, அந்த அறையையே பெயர்த்தெடுத்து ஒரு வாகனத்தில் ஏற்றினால்? அமெரிக்க விண்வெளி ஓடங்கள் 1983 முதல் 2011 வரை இப்படிப்பட்ட அறைகளைச் சுமந்து போய்த் திரும்பக் கொண்டுவந்தன. அறிவுக்கும் உடைமைக்கும் உள்ள உறவு அங்கே மறைப்பில்லாமல் தெரிகிறது என்பதே என் வாதம்.

முதலில் அமைப்பு. ஓடத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய 18 மீட்டர் நீளமுள்ள சரக்குக் கிடங்கு. ஐரோப்பியர் கட்டிய ஸ்பேஸ்லாப் அதற்குள் உட்கார்ந்தது: 4 மீட்டர் விட்டம், 7 மீட்டர் நீளம் கொண்ட ஓர் உருளை. உள்ளே காற்று உண்டு; சாதாரணச் சட்டையோடு வேலை செய்யலாம். சுவரோரம் அலமாரிச் சட்டங்கள். ஒரு பயணம் முடிந்ததும் கழற்றிவிட்டு அடுத்ததற்கு வேறு கருவிகளைப் பொருத்தலாம். ஆனால் இந்த அறைக்குச் சொந்த மின்சாரம் கிடையாது. அது ஓடத்தின் எரிபொருள் மின்கலங்களிலிருந்து வர வேண்டும். வாசலும் தனியாக இல்லை. ஒரு சுரங்கப்பாதை வழியாக ஓட்டுகிறவர்களின் அறைக்குள்தான் திறக்கும். தரையிறங்கும்போது எடைச் சமநிலை கெடக்கூடாது என்று கூடத்தைப் பின்னுக்குத் தள்ளி வைத்ததால் வந்த சுரங்கம் அது.

இனி ஒப்பந்தம். 1973இல் முடிவானபடி, ஐரோப்பா தன் செலவில் முதல் கூடத்தைக் கட்டி நாசாவுக்குக் கொடுக்கும். பதிலுக்கு முதல் பயணத்தில் பங்கும், ஓர் ஐரோப்பியருக்கு இடமும். 1983 நவம்பர் 28இல் கொலம்பியாவில் அந்த இடத்தில் போனவர் மேற்கு ஜெர்மனியின் உல்ஃப் மெர்போல்ட். நாசா இன்னொரு கூடத்தை விலைக்கு வாங்கியது, அதோடு சரி. 1985இல் மேற்கு ஜெர்மனி தன் ஆய்வுகளுக்காக ஒரு பயணத்தை எடுத்தபோது, தன் மண்ணில், பிரெமென் நகரில் உருவான கூடத்துக்குள் வேலை செய்யவே கட்டணம் கட்டவேண்டி வந்தது. வீட்டைக் கட்டிக் கொடுத்தவன் வாடகைக்கு வந்து நிற்கிற கதை. பின்னால், 2001 முதல், இத்தாலி கட்டிய லியோனார்டோ, ரஃபேல்லோ என்ற சரக்கு அறைகளிலும் இதே பண்டமாற்றுதான்.

மெர்போல்டின் பதவிப் பெயரையும் கவனிக்க வேண்டும்: பேலோட் ஸ்பெஷலிஸ்ட். தமிழில் சொன்னால் சுமை நிபுணர். ஓட்டுகிறவர்கள் ஒரு பக்கம். விஞ்ஞானியோ சுமையின் பக்கம். ‘மனிதகுலத்துக்காக’ என்ற சொல்லாடல் மறைப்பதை இந்தப் பதவிப் பெயர் சொல்லிவிடுகிறது.

இதில் நமக்கென்ன? 1985 ஏப்ரலில் ஸ்பேஸ்லாப்-3 போனபோது மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் ‘அனுராதா’ என்ற கருவியும் போனது. அண்டக்கதிர்த் துகள்கள் பிளாஸ்டிக் தகடுகளில் விட்ட தடங்களைப் பூமியில் வைத்துத்தான் படிக்க முடியும். தகடு திரும்பி வந்தாகணும். வாடகை வாகனம் என்பதால் அதில் கிடைத்த அறிவு பொய்யாகிவிடாது. அதே நேரம், அந்த அறிவைச் சாத்தியமாக்கிய ஏற்பாட்டைப் பேசாமல் விடுவதும் நேர்மையல்ல.

1993 ஜூனில் ஸ்பேஸ்ஹாப் என்ற தனியார் நிறுவனத்தின் அறை பறந்தது. இப்போது நாசாவே குத்தகைதாரர். இடம் பெட்டிக் கணக்கில் வாடகைக்குப் போனது. 2003 ஜனவரி 16இல் கொலம்பியா புறப்பட்டபோது அதற்குள் இருந்தது இந்த நிறுவனத்தின் கூடம்தான். பிப்ரவரி 1இல் எழுவரும் இறந்தார்கள். ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவை நமது பத்திரிகைகள் தேசத்தின் மகளாக எழுதின. அவர் எந்த அறைக்காக, யாருடைய ஆய்வுகளைச் சுமந்து போனார் என்பது அந்தப் பெருமிதத்தில் காணாமல் போனது. கூடத்துக்காக நிறுவனம் நாசாவிடம் நஷ்டஈடு கேட்டது. சிதிலங்களில் கிடைத்த ஒரு வன்தட்டிலிருந்து செனான் வாயு பற்றிய ஆய்வுத் தரவுகள் மீட்கப்பட்டு 2008இல் வெளிவந்தன. டப்பாக்களில் இருந்த சிறு புழுக்கள் உயிரோடு கிடைத்தன.

அறிவு தப்பிப் பிழைத்தது என்று இதைக் கொண்டாடுபவர்கள் உண்டு. கொண்டாடட்டும். எந்த ஆய்வுக்கூடத்தை நமக்குக் காட்டினாலும், அது நம்மூர்ப் பல்கலைக்கழகத்தில் இருந்தாலும், நான் கேட்பது மூன்று கேள்விகள்: மின்சாரம் யாருடையது? வாசல் யாருடைய அறைக்குள் திறக்கிறது? பட்டியலில் சுமை என்று எழுதப்பட்டிருப்பவர் யார்?