பாட்டு ஆடலாம்... சுருதி ஆடக்கூடாது! எஃப்.எம்-மைப் பிடித்து நிறுத்திய கிரிஸ்டல்

காலையில் காரில் ஏறியதும் 101.4-ஐத் தட்டினால் சென்னை வானொலியின் 'ரெயின்போ' ஒலிக்கிறது. நேற்றும் அதே எண். இன்றும் அதே எண். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா?

101.4 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 10 கோடியே 14 லட்சம் அதிர்வுகள். பேச்சுக்கும் பாட்டுக்கும் ஏற்ப இந்த எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்து அனுப்புவதுதான் எஃப்.எம். அதிகபட்சம் 75 ஆயிரம் வரை கூடும், குறையும். ஆனால், நடுப்புள்ளி நகரக் கூடாது. அமெரிக்க விதிப்படி, அதற்கு அனுமதிக்கப்படும் விலகல் 2,000 ஹெர்ட்ஸ்தான். அதாவது, ஏறக்குறைய 50,000-ல் ஒரு பங்கு!

கமகம் எவ்வளவு வேண்டுமானாலும் பாடலாம். சுருதி விலகக் கூடாது. அதே கதைதான்.

ஆரம்பத்தில் இதுவே பெரிய தலைவலி. வளைந்துகொடுக்கும் ஆஸிலேட்டர் சர்க்யூட், சூடு ஏறினாலே இடம் மாறிவிடும். குவார்ட்ஸ் கிரிஸ்டல் இடம் மாறாது. ஆனால், வளையவும் வளையாது.

ஆம்ஸ்ட்ராங் செய்த வித்தை

வழி கண்டவர் அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங். கிரிஸ்டல் தரும் நிலையான, குறைந்த அதிர்வெண்ணை எடுத்துக்கொண்டார். ஒலிக்கு ஏற்ப அதன் அலைகள் துளி முந்தியும் பிந்தியும் வரச் செய்தார். அந்தச் சின்ன அசைவைப் பல கட்டங்களில் ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கினார். அசைவு பெரிதானது, நடுப்புள்ளியோ கிரிஸ்டலின் பிடியிலேயே இருந்தது.

1933-ல் காப்புரிமை கிடைத்தது. 1935 நவம்பரில் நியூயார்க்கில் பொறியாளர்கள் முன் செய்து காட்டினார். டம்ளரில் தண்ணீர் ஊற்றும் சத்தம், காகிதம் கிழியும் சத்தம்கூட இரைச்சலின்றித் தெளிவாகக் கேட்டது.

ஆனால், அந்த உரிமைக்காகப் பெரிய நிறுவனங்களுடன் வழக்கு நடத்தியே அவர் பணமும் மனமும் கரைந்தன. 1954-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மனைவி மரியன் விடவில்லை. ஒவ்வொரு வழக்காக நடத்தி, 1967-ல் கடைசி வழக்கிலும் வென்றார்.

இன்று எப்படி?

பின்னர் வந்தது பி.எல்.எல் சர்க்யூட். தம்புராவில் காது வைத்துப் பாடும் பாடகரைப் போல, இது அலைபரப்பியின் அதிர்வைக் கிரிஸ்டலோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். பாட்டின் வேகமான அசைவுகளை விட்டுவிட்டு, மெல்ல நகரும் விலகலை மட்டும் திருத்தும். டிஜிட்டல் கருவிகள் அலையையே எண்களாகக் கணக்கிட்டு உருவாக்குகின்றன. அந்தக் கணக்குக்கும் தாளம் போடுவது கிரிஸ்டல்தான்.

இந்தியாவின் முதல் எஃப்.எம் ஒலிபரப்பு 1977-ல் தொடங்கியது நம் சென்னையில். இனி 101.4-ஐத் தட்டும்போது, சுருதி பிடித்துத் தந்த ஆம்ஸ்ட்ராங்கையும், அவர் பெயரை மீட்டுத் தந்த மரியனையும் ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள்!