இரு வரிகளுக்கு இடையே

நிரலைச் சரிபார்த்தல், எழுத்துப்பிழை திருத்துவது போன்ற பணியன்று. ‘டர்ட்டி கவ்’ எனப் பெயர் பெற்ற லினக்ஸ் பிழை இதனை நமக்கு நன்கு உணர்த்துகிறது.

இயங்குதளத்தின் மையப் பகுதியாகிய கெர்னல், நினைவகத்தைப் பக்கங்களாகப் பகுத்து ஆள்கிறது. பல கணினிகளில் ஒரு பக்கம் 4,096 பைட். வாசிக்க மட்டுமே உரிமையுள்ள ஒரு கோப்பின் பக்கத்தில் ஒரு செயலி தனக்கென மாற்றம் செய்ய முனைந்தால், கெர்னல் மூலத்தைத் தொடவிடாமல் நகல் ஒன்றைத் தரும்.

பிழை இங்குதான் ஒளிந்திருந்தது. நகலெடுத்ததும், ‘இது எழுதுவதற்கான கோரிக்கை’ என்னும் குறிப்பைக் கெர்னல் நீக்கிவிட்டுப் பக்கத்தை மீண்டும் தேடும். அந்தக் கணப்பொழுதில் செயலியின் மற்றோர் இழை நகலைக் கைவிட்டால், வாசிப்புக் கோரிக்கை எனக் கருதி மூலப்பக்கமே தரப்படும். எழுத்து மூலத்தில் பதியும். சாதாரணப் பயனர் ஒருவர் கணினியின் முழு ஆட்சியையும் கைப்பற்ற இது வழிவிட்டது.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டிலேயே இதனைத் திருத்த முயன்றார். ஐபிஎம் பெருங்கணினிகளில் சிக்கல் எழவே, அத்திருத்தம் கைவிடப்பட்டது. அன்று ஏட்டளவினதாகத் தோன்றிய இடர், பின்னர் எளிதில் நிகழக்கூடியதாயிற்று. 2016 அக்டோபரில்தான் அக்குறிப்பை நீக்காது, ‘நகல் எடுத்தாயிற்று’ எனத் தனிக்குறிப்பு இடும் முறை வந்தது.

ஆகவே, ஒவ்வொரு வரியும் சரிதானா என வினவுவதோடு நாம் அமையலாகாது. இவ்வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே நிலைமை மாறினால் என்னாகும் என்றும் வினவுதல் வேண்டும். கைவிட்ட திருத்தம் தீர்க்கப்படாத கடன் என்பதையும் நாம் மறத்தலாகாது.