மெயின் கிளாஸைக் காணோம்!

போன மாதம் என் மச்சினன் ஓர் இன்டர்வியூவுக்குப் போய்விட்டு, இஞ்சி தின்ற முகத்தோடு திரும்பினான்.

"உனக்குத்தான் ஜாவா நல்லாத் தெரியுமேடா?"

"தெரியும் அத்தான். அங்கே எக்லிப்ஸ், கிக்லிப்ஸ் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையைக் காட்டி 'இதுல ஓட்டு'ன்னுட்டாங்க. கம்பைல் ஆச்சு. ஓட்டினா, 'மெயின் கிளாஸைக் காணோம்'ங்குது. ஃபைல் கண்ணெதிரே இருக்கு!"

1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை வெளியிட்ட நாள் முதல், பலரும் வழுக்கி விழும் இடம் இது.

விஷயம் இதுதான். அங்கே இரண்டு ஆசாமிகள். முதலாமவர் 'ஜாவாஸி'. நீங்கள் எழுதியதை பைட்கோடாக மாற்றி, 'டாட் கிளாஸ்' ஃபைலாக வைப்பவர். அவருக்கு 'டாட் ஜாவா' என்ற வாலோடு ஃபைல் பெயர் வேண்டும்.

இரண்டாமவர் 'ஜாவா'. ஓட்டுகிறவர். இவருக்கு கிளாஸின் பெயர் போதும். 'டாட் கிளாஸ்' என்று வால் ஒட்டினால் குழம்பிவிடுவார். (2018-ல் வந்த ஜாவா 11 முதல், ஒற்றை 'டாட் ஜாவா' ஃபைலை இவரே நேராக ஓட்டிவிடுவார். அது தனிச் சலுகை!)

எங்கே தேடுவார்? அதற்கான விலாசப் பட்டியல்தான் கிளாஸ்பாத். ஒன்றும் சொல்லாவிட்டால், நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் தேடுவார். 'மைனஸ் சிபி' போட்டு விலாசம் கொடுத்துவிட்டாலோ, அங்கே மட்டும்தான். நிற்கும் இடத்தையும் பார்க்க வேண்டுமானால் ஒரு புள்ளி வைத்தாக வேண்டும். ஜார் ஃபைல் இருந்தால் அதன் பெயரையும் சேர்க்க வேண்டும். விலாசங்களுக்கு நடுவே விண்டோஸில் அரைப்புள்ளி, லினக்ஸில் முக்கால் புள்ளி. மாற்றிப் போட்டால் போச்சு!

"நான் கிளாஸ்பாத்தையே தொடலையே அத்தான்?"

"எந்த ஃபோல்டர்ல நின்னே?"

"பேக்கேஜ் ஃபோல்டருக்குள்ள போய்த்தான்..."

"அங்கேதான் கோட்டை விட்டே!"

பேக்கேஜ் என்பது நம்ம ஊர் இனிஷியல் மாதிரி. 'ஆபீஸ்' பேக்கேஜில் 'சம்பளம்' என்ற கிளாஸ் இருந்தால், 'ஆபீஸ்' ஃபோல்டருக்கு வெளியே நின்று, 'ஆபீஸ் டாட் சம்பளம்' என்று முழுப் பெயரில் கூப்பிட வேண்டும். உள்ளே போய் வெறும் 'சம்பளம்' என்றால் வராது. (மாதக் கடைசியில் எப்படிக் கூப்பிட்டாலும் வராது, அது வேறு கதை!)

அடுத்த இன்டர்வியூவில் வெளியே நின்று இனிஷியலோடு கூப்பிட்டான். ஓடியது. இப்போது ஆஃபர் லெட்டரும் வந்துவிட்டது.

ஒன்று மட்டும் அவனிடம் சொல்லவில்லை. அவன் அக்கா என்னை இனிஷியலோடு கூப்பிட்டால், அன்றைக்கு நான்தான் ஓட வேண்டும்!