பதிவேட்டில் "இல்லை" என்றால் இல்லையா?

அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைக்கும் முன் டாக்டர் சொன்னார்: "சிக்கல் வர்றது ரொம்ப அபூர்வம் சார்." எவ்வளவு அபூர்வம், அதை யார் எண்ணினார்கள் என்று தேடப்போய், இதயத் துடிப்பு சிகிச்சைகளுக்கான பதிவேடுகளில் வந்து நின்றேன். படித்ததில் கொஞ்சம் இங்கே.

ஆபத்தான துடிப்பு வந்தால் உள்ளிருந்தே ஷாக் கொடுக்கும் கருவி ஐசிடி. 2005-ல் அமெரிக்காவின் மெடிகேர் இதற்கான செலவை இன்னும் பலருக்கு ஏற்றுக்கொண்டபோது ஒரு நிபந்தனை போட்டது: முன்தடுப்பாகக் கருவி வைக்கப்படுகிறவர்களின் விவரம் பதிவேட்டில் ஏற வேண்டும். 2011-ல் ஜாமா இதழில் வந்த ஆய்வு அந்தப் பதிவேட்டிலிருந்து 1,11,707 பேரைப் பார்த்தது. 25,145 பேருக்கு, அதாவது 22.5 சதவீதம் பேருக்கு, வழிகாட்டு நெறிக்குப் பொருந்தாமல் கருவி வைக்கப்பட்டிருந்தது. மாரடைப்பு வந்து 40 நாள் ஆகாதவர்களும் அதில் உண்டு.

கவனிங்க, 39-ஆ 41-ஆ என்பது ஒரு தேதியில்தான் இருக்கு. அதைக் கட்டத்தில் நிரப்பியவர் தப்பாக எழுதியிருந்தால்?

அதனால்தான் சரிபார்ப்பு. முதலில், ஆபரேஷன் தியேட்டர் நோட்டோடு ஒப்பிட்டு, எல்லா நோயாளிகளும் பதிவேட்டில் ஏறியிருக்கிறார்களா என்று பார்க்கணும். அடுத்து, குலுக்கல் முறையில் சில கேஸ் ஷீட்களை எடுத்து, பதிவேட்டைப் பார்க்காத ஒருவர் திரும்ப நிரப்ப வேண்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

இங்கேதான் ஒரு பொறி. 100 கேஸ் ஷீட்டில் 4 பேருக்கு உண்மையில் சிக்கல் என்று வைத்துக்கொள்வோம். பதிவேட்டில் ஏறியது அதில் ஒன்று மட்டும். மீதி 96 பேருக்கு இரண்டிலும் "இல்லை". ஒத்துப்போவது 97 சதவீதம்! கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் நான்கில் மூன்று தவறிப்போச்சு. 4 சதவீதம் 1 சதவீதமாகிவிட்டது. அபூர்வமானதை எண்ணும்போது மொத்தப் பொருத்தம் எதையும் சொல்வதில்லை. நடந்தவற்றில் எத்தனை பிடிபட்டது என்பதுதான் கேள்வி.

ஏன் தவறுகிறது? காலியாக விட்ட கட்டம் "இல்லை" என்று எண்ணப்படலாம். வீட்டுக்குப் போன பிறகு ஒயர் இடம் நகரலாம், தோலுக்கடியில் கிருமித்தொற்று வரலாம். டிஸ்சார்ஜோடு மூடும் பதிவேட்டுக்கு அது தெரியவே தெரியாது. டென்மார்க்கில் 2010 மே முதல் ஓராண்டில் இத்தகைய கருவி சிகிச்சை செய்துகொண்ட 5,918 பேரின் மருத்துவக் கோப்புகளையும் படித்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் ஏதாவதொரு சிக்கல் வந்தவர்கள் 9.5 சதவீதம். சிறியதும் பெரியதும் சேர்த்துத்தான்.

பதிவேடுகள் வேண்டாம் என்று சொல்ல வரலை. அவை இல்லாவிட்டால் அந்த 22.5 நமக்குத் தெரிந்தே இருக்காது. ஆனால் இனி யாராவது "ஒரு சதவீதம்தான்" என்றால் நான் இரண்டு கேள்வி கேட்பேன்: எத்தனை நாள் வரைக்கும் பார்த்தீங்க? கேஸ் ஷீட்டைத் திறந்து யார் சரிபார்த்தாங்க?