‘நாளே பா’ பேய் யாருக்கு சொந்தம்? குறைந்த செலவு பேய்ப் படம் எடுக்க நினைக்கும் ஓசூர் இளைஞர்கள் கவனத்துக்கு!

ஓசூர்: ராத்திரி ஷிப்டு முடிந்து சிப்காட்டில் இருந்து ரூமுக்கு நடந்து போகிறவர்களுக்கு பேய்க்கதை ஒன்றும் புதுசு இல்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று பாஷை புழங்கும் ஊர் இது. ஒரே பேய்க்கு மூன்று பாஷையிலும் கதை கிடைக்கும். அதில் ஒரு கதை, இங்கிருந்து 40 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள பெங்களூரில் உலாவி, கடைசியில் மும்பை போய் சினிமாவாகி, கோடி கோடியாக வசூல் பண்ணிவிட்டது. கதையை வாய்வழியாக சொல்லி வந்த ஜனங்களுக்கு பத்து பைசா வரவில்லை. வரவும் வராது. அது ஏன் என்று தெரிந்துகொள்வது, கையில் கேமராவும் மனசில் பேய்க்கதையும் வைத்திருக்கும் நம்ம பக்கத்து பையன்களுக்கு ரொம்ப முக்கியம்.

அந்தக் கதை ‘நாளே பா’. ஓசூர்காரர்களுக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: கன்னடத்தில் ‘நாளைக்கு வா’.

1990-களில் பெங்களூரிலும் சுற்று வட்டாரத்திலும் ஒரு வதந்தி கிளம்பியது. ராத்திரியில் ஒரு பெண் பேய் வந்து கதவைத் தட்டும், வீட்டில் உள்ளவர்களுக்கு தெரிந்தவர் குரலில் கூப்பிடும், கதவைத் திறந்தால் ஆள் காலி என்றார்கள். பீதி அடைந்த மக்கள் கதவிலும் சுவரிலும் ‘நாளே பா’ என்று எழுதி வைத்தார்கள். பேய் அதைப் படித்துவிட்டு திரும்பிப் போய்விடுமாம். மறுநாள் வந்தால் மறுபடியும் அதே எழுத்து. ஆந்திரா பக்கம் இதையே ‘ஓ ஸ்த்ரீ, ரேப்பு ரா’ என்று எழுதினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பேய், ஏமாற்றுகிறார்கள் என்பது மட்டும் தெரியாத பேய்!

இந்தக் கதையை 2018-ல் ‘ஸ்த்ரீ’ என்ற இந்திப் படமாக எடுத்தார்கள். எழுதியவர்கள் ராஜ் – டிகே ஜோடி. சித்தூர், திருப்பதி பக்கத்துக்காரர்கள். அதாவது கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையைத் தாண்டினால் வரும் ஊர்க்காரர்கள். இயக்கியவர் அமர் கௌஷிக். கதையை மத்தியப் பிரதேசத்தில் உள்ள சந்தேரிக்கு கொண்டு போனார்கள். ராத்திரி வெளியே போக பெண்கள் பயப்படுவதற்கு பதில், ஆண்கள் பயந்து வீட்டுக்குள் ஒளிவதாக மாற்றினார்கள். தியேட்டரில் ஒரே சிரிப்பு. வசூல் 100 கோடியைத் தாண்டியது. 2024-ல் வந்த இரண்டாம் பாகம் இந்தி சினிமாவின் மிகப்பெரிய வசூல் படங்களில் ஒன்றானது.

பேய் மட்டும் போதாது

‘ஸ்த்ரீ’ பெரிய நடிகர்கள் நடித்த படம். நம்மால் முடியுமா என்று கேட்கலாம். சின்ன செலவில் சாதித்த படங்கள் தமிழிலும் கன்னடத்திலும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு பொது விஷயம் உண்டு. வெறும் பேயை நம்பி அவர்கள் இறங்கவில்லை. பேயோடு இன்னொன்றைக் கலந்தார்கள்.

இந்த வித்தை புதுசும் இல்லை. ‘விட்டலாச்சார்யா படம் மாதிரி இருக்கு’ என்று நம்ம வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த விட்டலாச்சார்யா கர்நாடகத்தில் உடுப்பி பக்கத்தில் பிறந்தவர். படம் எடுத்தது பெரும்பாலும் தெலுங்கில். பார்த்து ரசித்தது தமிழர்களும்தான். 1978-ல் வந்த ‘ஜகன்மோகினி’யில் பேய் தன் காலையே அடுப்புக்குள் விறகாக வைத்து சமையல் பண்ணும். பார்த்தவர்கள் இன்றைக்கும் மறக்கவில்லை. பேய், பக்தி, சிரிப்பு, கவர்ச்சி எல்லாம் ஒரே டிக்கெட்டில். சிக்கனத்துக்குப் பெயர் போனவர். நடிகர் யாராவது முரண்டு பிடித்தால் அந்தப் பாத்திரத்தை கிளியாகவோ ஆடாகவோ மாற்றி மிச்சப் படத்தை முடித்துவிடுவார் என்று சினிமாக்காரர்கள் சொல்லிச் சிரிப்பது உண்டு.

அடுத்தது 2012-ல் வந்த ‘பீட்சா’. ஒன்றரை கோடி ரூபாய் அளவில் எடுத்த படம் என்று சொல்லப்பட்டது. கார்த்திக் சுப்பராஜுக்கு முதல் படம். அதற்கு முன் அவர் சாப்ட்வேர் என்ஜினீயர், டிவி போட்டிக்கு குறும்படம் எடுத்தவர். விஜய் சேதுபதி அப்போது வளர்ந்து வந்த நடிகர். (படம் பார்க்காதவர்கள் இந்தப் பாராவின் மிச்சத்தை தாண்டிப் போகலாம்.) பீட்சா டெலிவரி பையன் ஒரு பங்களாவில் மாட்டிக்கொள்கிறான், டார்ச் லைட்டோடு அலைகிறான், நாம் நடுங்குகிறோம். கடைசியில் பார்த்தால் அந்தப் பேய்க்கதையே வைரத்தை அமுக்க அவன் அளந்த கதை! பேய்ப் படம் என்று உட்கார்ந்தால் திருட்டுப் படம். திருட்டுப் படம் என்று எழுந்தால் கடைசி நிமிடத்தில் நிஜப் பேய்.

கன்னடத்தில் 2016-ல் வந்த ‘யு டர்ன்’ நமக்கு இன்னும் நெருக்கம். பெங்களூர் சாந்திநகர் பக்கத்தில் உள்ள டபுள் ரோடு மேம்பாலம்தான் கதைக்களம். தடுப்புக் கற்களை நகர்த்தி வைத்துவிட்டு குறுக்கே வண்டியைத் திருப்புகிறவர்கள் ஒவ்வொருவராக சாகிறார்கள். ஒரு பெண் நிருபரும் ஒரு போலீஸ்காரரும் துப்பு துலக்குகிறார்கள். பேயும் உண்டு, போலீஸ் கேசும் உண்டு, டிராபிக் ரூல்சும் உண்டு. ஓசூர் ரோட்டில் தினமும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதைவிட பயமுறுத்தும் பேய் கிடையாது. இயக்கியவர் பவன் குமார். இதற்கு முன் 2013-ல் ‘லூசியா’ படத்தை பொதுமக்களிடம் சுமார் 50 லட்சம் ரூபாய் திரட்டி எடுத்தவர். அது பேய்ப் படம் இல்லை, கனவும் காதலும் கொலையும் கலந்த படம். தமிழில் ‘எனக்குள் ஒருவன்’ ஆனது அதுதான்.

செலவு எங்கே குறையும், எங்கே ஏறும்?

பேய்ப் படத்துக்கு ஸ்டார் தேவையில்லை, ஒரு வீடு போதும், நாலு பேர் போதும் என்பது பாதி உண்மை. 2015-ல் வந்த ‘டிமான்ட்டி காலனி’யில் நாலு நண்பர்களை ஒரே ரூமுக்குள் பூட்டிவிட்டு பாதிப் படத்தை ஓட்டினார்கள். அமெரிக்காவில் ஓரன் பெலி என்ற சாப்ட்வேர்காரர் தன் சொந்த வீட்டிலேயே 15 ஆயிரம் டாலரில் ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ எடுத்தார். அன்றைய மதிப்பில் ஏழு லட்சம் ரூபாய்கூட இல்லை. வசூல் 19 கோடி டாலருக்கு மேல். ஆனால் அதை ஊர் ஊராக கொண்டு போய் சேர்த்தது பாரமவுண்ட் என்ற பெரிய கம்பெனி. விளம்பரத்துக்கு ஆன செலவு அந்த ஏழு லட்சத்தில் அடங்காது. இதை யாரும் சொல்வதில்லை.

மறு பாதி, ராத்திரி ஷூட்டிங். இருட்டு இலவசம்தான், ஆனால் இருட்டை கேமராவில் காட்ட லைட்டு வேண்டும். லைட்டுக்கு ஜெனரேட்டர் வேண்டும். ராத்திரி வேலைக்கு பேட்டா கூடும், சாப்பாடு ரெண்டு வேளை கூடும். ‘பீட்சா’வில் டார்ச் லைட் ஏன் என்று இப்போது புரியும். அந்தக் கையில் இருக்கும் வெளிச்சமே பாதி லைட்டிங் வேலையை முடித்துவிடுகிறது.

காசு மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு. சத்தம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். கதவு கிரீச்சிடும் சத்தம் தகர டப்பா மாதிரி கேட்டால் தியேட்டரே சிரித்துவிடும். நம்ம பக்கம் வேறு ஒரு தொல்லையும் இருக்கு. கம்பெனி இரைச்சலும் தேசிய நெடுஞ்சாலை லாரி சத்தமும் ராத்திரியிலும் ஓயாது. அங்கேயே வசனத்தை பதிவு பண்ணலாம் என்று போனால் திரும்ப டப்பிங் செலவு வரும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் அமைதி கிடைக்கும். ஆனால் காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும், யானை நடமாட்டமும் இருக்கு.

பத்து பேர் போட்ட பணம்

இப்போது முக்கியமான விஷயம். 1968-ல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்ற ஊரில் ஒரு படம் எடுத்தார்கள். அது இரும்பு ஆலை ஊர். சினிமாவுக்கும் அந்த ஊருக்கும் பெரிதாக சம்பந்தம் இல்லை. ஒரு வகையில் அவர்கள் ஓசூர் மாதிரி. ஜார்ஜ் ரொமேரோ என்பவரும் உள்ளூரில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த கூட்டாளிகளும் சேர்ந்தார்கள். முதலில் பத்து பேர் தலைக்கு 600 டாலர் போட்டார்கள். பிறகு இன்னும் பலர் சேர, மொத்தம் சுமார் 1 லட்சத்து 14 ஆயிரம் டாலரில் படம் முடிந்தது. ரத்தத்துக்கு சாக்லேட் சிரப். பிணம் தின்னும் காட்சிக்கு கறிக்கடையில் இருந்து வந்த கறி. ‘நைட் ஆப் த லிவிங் டெட்’ என்ற அந்தப் படம்தான் இன்றைய ஜோம்பி படங்களுக்கெல்லாம் தாத்தா.

படம் ஓடோ ஓடென்று ஓடியது. பணம் போட்டவர்களுக்கு அதற்கேற்ற காசு வரவில்லை. காரணம் ஒரே ஒரு வரி. விநியோகஸ்தர் படத்தின் பெயரை மாற்றியபோது, டைட்டில் கார்டில் இருந்த உரிமைக் குறிப்பு விடுபட்டுப் போச்சு. அன்றைய அமெரிக்க சட்டப்படி அந்த வரி இல்லாவிட்டால் உரிமையே இல்லை. யார் வேண்டுமானாலும் பிரிண்ட் போட்டு ஓட்டலாம், விற்கலாம். விற்றார்கள்.

நம்ம நாட்டில் அந்த ஆபத்து இல்லை. 1957-ம் வருஷ காப்புரிமைச் சட்டப்படி படத்தை எடுத்த உடனேயே உரிமை பிறந்துவிடும், படம் வெளியானதில் இருந்து 60 வருஷம் இருக்கும். அந்த உரிமை போவது தயாரிப்பாளருக்கு. அதாவது படம் எடுக்க முன்கை எடுத்து பொறுப்பேற்றவருக்கு. இங்கேதான் சிக்கல். ஒருத்தர் பி.எப். பணத்தை எடுத்துப் போட்டார், ஒருத்தர் மாந்தோப்பை அடமானம் வைத்தார், ஒருத்தர் கேமரா கொடுத்தார் என்றால் தயாரிப்பாளர் யார்? ஷூட்டிங்குக்கு முன்னால் பத்திரத்தில் எழுதவில்லை என்றால், படம் ஓடினாலும் சண்டை, ஓடாவிட்டாலும் சண்டை.

விற்கும்போதும் கவனம் தேவை. உரிமையை எழுத்தில், கையெழுத்தோடு கொடுத்தால்தான் செல்லும். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா முழுக்க என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘சகல உரிமைகளும்’ என்ற வார்த்தையைப் பார்த்தால் பேனாவை கீழே வையுங்கள்.

ஏனென்றால் சின்னப் படத்துக்கு பின்னால் வரும் காசு அந்த சில்லறை உரிமைகளில்தான் இருக்கு. ‘பீட்சா’ 2013-ல் கன்னடத்தில் ‘விசில்’ ஆனது, 2014-ல் இந்திக்கு போனது. 2014-ல் வந்த ‘யாமிருக்க பயமே’ அதே வருஷம் கன்னடத்தில் ‘நமோ பூதாத்மா’ ஆனது. ‘யு டர்ன்’ மலையாளம், தமிழ், தெலுங்கு, இந்தி என்று போய் பிலிப்பைன்ஸ் வரைக்கும் போயிருக்கு. மூன்று மாநில எல்லையில் உட்கார்ந்து படம் எடுக்கிறவர் மற்ற ரெண்டு பாஷையை தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது.

சரி, ‘நாளே பா’ ஏன் யாருக்கும் சொந்தமில்லை? சட்டம் பாதுகாப்பது எழுதிய திரைக்கதையை, எடுத்த படத்தை. வெறும் கருவுக்கும் ஊர்க்கதைக்கும் பாதுகாப்பு இல்லை என்று 1978-லேயே உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாக சொல்லிவிட்டது. முதலில் எழுதி முடித்தவன் எழுத்துக்குத்தான் உரிமை. ஊர்ப் பேயை வேறொருவர் வேறு மாதிரி எழுதினால் தடுக்க முடியாது. நீங்கள் எழுதினாலும் யாரும் தடுக்க முடியாது.

கடைசியாக சென்சார். ரத்தத்தை வாளி வாளியாக ஊற்றி ‘ஏ’ சான்றிதழ் வாங்கினால் குடும்பத்தோடு வரும் கூட்டம் போச்சு. டிவியிலும் அப்படியே போட முடியாது, வெட்டி மறுபடியும் சான்றிதழ் வாங்க வேண்டும். 2024-ல் இருந்து ‘யு/ஏ’ சான்றிதழை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். சிரிப்பு கலந்த பேய்ப் படங்கள் அதில் ஏதாவது ஒன்றில் உட்கார வாய்ப்பு அதிகம். எந்த வயது வேண்டும் என்பதை கதை எழுதும்போதே முடிவு பண்ணிக்கொண்டால் எடிட்டிங் டேபிளில் காட்சியை வெட்டி அழ வேண்டியதில்லை.